சிங்கப்பூரில் அச்சான அளவுகோல்

விந்தணு வடிவ ஆராய்ச்சியின் வரலாறு

பிள்ளை இல்லாத வீட்டில் ஊரார் முதலில் விரல் நீட்டுவது பெண்ணை நோக்கித்தான். தமிழில் 'மலடி' என்னும் பெண்பாற் சொல்லும் உண்டு. 'மலடன்' என்னும் ஆண்பாற் சொல்லும் உண்டு. ஆயினும் முன்னது ஊர்வாயில் நூறு முறை வழங்கினால் பின்னது ஒரு முறை வழங்குவதும் அரிது. சொல் இருந்தும் வழங்காமைக்குக் காரணம் மொழியன்று, சமுதாயமே. கணவனிடம் குறை இருக்கக்கூடும் என்று ஐயுறுவதற்கே நெடுங்காலம் எவரும் துணியவில்லை. ஐயுற்றாலும் அதனைத் தீர்த்துவைக்கும் கருவி கையில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் அந்நிலை மாறிற்று. ஆணின் விந்தை ஆய்வுக்கூடத்தில் வைத்து, அதிலுள்ள அணுக்களை எண்ணியும், அவற்றின் ஓட்டத்தைக் கண்டும், வடிவத்தை மதிப்பிட்டும் கூறும் முறை உருவாயிற்று. இம்மூன்றனுள் மிகக் கடினமானது வடிவத்தை மதிப்பிடுவதே. எண்ணிக்கைக்குக் கணக்குப் போதும். வடிவத்துக்கோ, 'இது நல்ல வடிவம், இது தீய வடிவம்' என்று பிரிக்கும் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலின் வரலாறு வியப்புக்குரியது. 1980-ம் ஆண்டில் நூற்றுக்கு எண்பது அணுக்கள் நல்ல வடிவம் உடையனவாக இருப்பது இயல்பு என்று எழுதப்பட்டது. 2010-ம் ஆண்டிலோ நூற்றுக்கு நான்கு இருந்தாலே போதும் என்று எழுதப்பட்டது. முப்பது ஆண்டுகளில் ஆண்குலம் இவ்வளவு சீரழிந்துவிட்டதா? இல்லை. மாறியது அளவுகோலே. விந்தணுவின் எண்ணிக்கை உலகெங்கும் குறைந்து வருகிறதா என்பது பற்றி அறிஞரிடையே வேறொரு வாதம் நடைபெறுகிறது. எண்பது நான்கானதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அளவுகோல் மாறியதை அறியாதவன், தன் ஆய்வுக் குறிப்பில் 'நான்கு' அல்லது 'மூன்று' என்னும் எண்ணைக் கண்டதும் தன் வாழ்வே முடிந்ததென்று மனம் உடைகிறான். ஆதலால் இவ்வரலாறு அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. உலகுக்குப் பொதுவான அந்த அளவுகோல் முதன்முதலில் நூலாக அச்சேறிய ஊர் சிங்கப்பூர் என்பதனால், இவ்வூர்த் தமிழர்க்கு இதில் தனி அக்கறையும் உண்டு.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொல்லைக் காண்போம். 'விந்து' என்பது 'பிந்து' என்னும் வடசொல்லின் வழி வந்தது. துளி என்பது அதன் பொருள். 'வித்து' என்பதோ தமிழ்ச் சொல். விதைக்கப்படுவது எனப் பொருள்படும். ஒலியால் நெருங்கிய இவ்விரண்டும் பொருளால் வேறு. கிரேக்க மொழியில் இதற்கு வழங்கிய 'ஸ்பெர்மா' என்னும் சொல்லும் வித்து என்றே பொருள்படும். 1827-ம் ஆண்டில் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் என்னும் அறிஞர் அதனோடு விலங்கைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து, 'ஸ்பெர்மட்டோசோவா' என்னும் பெயரைப் படைத்தார். விந்தில் நெளிபவை அதில் ஒட்டி வாழும் சிற்றுயிர்கள் என்பது அவர் கருத்து.

அக்கருத்துத் தவறானது. அவை வெளியிலிருந்து வந்து குடியேறிய உயிர்கள் அல்ல, ஆணின் விதைப்பையில் உள்ள உயிரணுக்களிலிருந்தே தோன்றுகின்றன என்பதை 1841-ம் ஆண்டில் கோல்லிகர் என்னும் அறிஞர் விளக்கினார். ஆதலின் மேனாட்டார் பெயரில் பழைய பிழை இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் பின்னர் அமைந்த 'விந்தணு' என்னும் சொல்லோ அப்பிழைக்கு இடந்தரவில்லை. விலங்கு என்றும் சொல்லாமல், முழு வித்து என்றும் சொல்லாமல், உயிரணு என்னும் உண்மைக்கு அருகில் அது நிற்கிறது.

கண்ணாடி காட்டியதும் மனம் கண்டதும்

விந்தணுவை முதன்முதலில் விளக்கி எழுதியவர் மருத்துவர் அல்லர். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் அந்தோனி வான் லீவன்ஹுக். தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லைகளால் நுண்ணுயிர்களைக் கண்டு உலகை வியக்கவைத்தவர் அவர். 1677-ம் ஆண்டில் லெய்டன் நகர மருத்துவ மாணவர் யோஹன் ஹாம் என்பவர், நோயாளி ஒருவரின் விந்தில் வாலுடன் கூடிய சிற்றுயிர்களைக் கண்டதாக அவரிடம் கூறினார். லீவன்ஹுக் அதனைத் தாமே ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் லண்டன் அரச கழகத்துக்குக் கடிதம் எழுதினார். படிப்பவர்க்கு இது அருவருப்பைத் தருமாயின் வெளியிட வேண்டா என்றும் அதில் கேட்டுக்கொண்டார். இப்பொருளைப் பற்றிய கூச்சம் ஆராய்ச்சியுடனேயே பிறந்தது என்பது இதனால் விளங்கும்.

1694-ம் ஆண்டில் ஹார்ட்சூக்கர் என்பவர், விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி மனிதன் குந்தியிருப்பதாகப் படம் வரைந்தார். அதனைத் தாம் கண்டதாக அவர் சொல்லவில்லை. காணக்கூடுமாயின் இப்படித்தான் இருக்கும் என்றே எழுதினார். எனினும் அப்படம் நிலைத்துவிட்டது. கண்ணாடி காட்டியது ஒன்று. மனம் வரைந்தது மற்றொன்று. வடிவ ஆராய்ச்சியைப் பின்னரும் விடாமல் தொடர்ந்த இடர்ப்பாடு இதுவே. காண்பவர் எதனை எதிர்பார்க்கிறாரோ அதுவே கண்ணுக்குத் தென்படுகிறது.

இத்தாலியரான ஸ்பல்லன்சானி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தவளையின் விந்தைத் தாளில் வடிகட்டிச் சோதித்தார். வடிந்த நீர் கருவுறச் செய்யும் ஆற்றலை இழந்தது. தாளில் தங்கிய கசடோ அவ்வாற்றலைப் பெற்றிருந்தது. சான்று தம் கையில் இருந்தும், கருவுறச் செய்வது அணுவே என்று கூற அவர் துணியவில்லை. 1824-ம் ஆண்டில் பிரெவோ, துமா என்னும் இருவரும் அச்சோதனையைத் திரும்பச் செய்து அம்முடிவைக் கூறினர். 1876-ம் ஆண்டில் ஆஸ்கார் ஹெர்ட்விக் கடல்முள்ளி என்னும் உயிரின் முட்டையில் விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாதலை விளக்கி வெளியிட்டார். லீவன்ஹுக்கின் கடிதத்துக்கும் இதற்கும் இடையே இருநூறு ஆண்டுகள் சென்றன.

காளையிலிருந்து கணவனுக்கு

விந்தணுவின் வடிவத்துக்கும் மலட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு என்பதனை முதலில் முனைந்து ஆராய்ந்தவர்களுள் கால்நடை மருத்துவர் பலர். காளை பொலியவில்லையாயின் பண்ணைக்கு இழப்பு. அங்கே மானம் என்பது குறுக்கே நிற்பதில்லை. பசுவின் மேல் பழி போடுவாரும் இல்லை. 1920-களில் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம்ஸ் காளைகளின் விந்தணுக்களில் உள்ள வடிவக் கோளாறுகளை ஆராய்ந்தார். 1934-ம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு லாகர்லோஃப் அத்துறையில் விரிவான ஆய்வை வெளியிட்டார்.

மனிதரிடத்தில் இம்முறையைக் கொணர்ந்தவர்களுள் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெரார்டு மோன்ச் குறிப்பிடத்தக்கவர். 1920-களின் இறுதியிலிருந்து அவர் விந்தணுத் தலைகளின் நீள அகலங்களை அளந்து எழுதினார். 1942-ம் ஆண்டில் பாப்பனிகொலாவு என்னும் கிரேக்க மருத்துவர் ஒரு சாயமேற்றும் முறையை வெளியிட்டார். பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறிவதற்காகத் தோன்றிய அம்முறை, ஆணின் அணுவைத் தெளிவாகக் காட்டுவதற்கும் உதவிற்று. இன்றும் விந்தணு வடிவ ஆய்வில் முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் சாயம் அதுவே.

1951-ம் ஆண்டில் ஜான் மக்லியாட், ரூத் கோல்டு என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒரு திருப்புமுனை எனலாம். பிள்ளைப்பேறு வாய்த்த ஆயிரம் ஆடவரையும், பிள்ளையற்ற குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரம் ஆடவரையும் அவர்கள் ஒப்பிட்டனர். இரு கூட்டத்துக்கும் வேறுபாடு இருந்தது. ஆனால் இரண்டையும் பிரிக்கும் கோடு தெளிவாக இல்லை. குறைந்த அளவு பெற்ற தந்தையரும் இருந்தனர். நிறைந்த அளவு பெற்றும் பிள்ளையில்லாதாரும் இருந்தனர். 'இவ்வெண்ணுக்கு மேல் தந்தை, கீழ் மலடன்' என்று வெட்டிப் பிரிக்க இயலாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

வேறொரு சிக்கலும் வெளிப்பட்டது. 1966-ம் ஆண்டில் ஃப்ராய்ண்ட் என்பவர் பல ஆய்வுக்கூடங்களின் ஒத்துழைப்புடன் நடத்திய ஆராய்ச்சியில், வடிவத்தைத் தரம் பிரிப்பதில் ஆய்வாளர்க்கு ஆய்வாளர் பெரிதும் வேறுபடுவது புலப்பட்டது. ஒருவர் நன்று என்றதை மற்றொருவர் தீது என்றார். பள்ளிக்கூடத்தில் ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் எழுபது மதிப்பெண்ணும் மற்றோர் ஆசிரியர் முப்பதும் போட்டாற்போன்ற நிலை இது. மாணவனின் தகுதியை அறிய வேண்டின், முதலில் ஆசிரியர்கள் ஒரு முறைக்கு உடன்பட வேண்டும்.

எருமைக் கொட்டிலும் பிறந்த வீடும்

அவ்வுடன்பாட்டின் முதல் நூல் சிங்கப்பூரில் அச்சான சூழ்நிலையை அறிய, இவ்வூரின் மகப்பேற்று வரலாற்றைச் சிறிது காணவேண்டும்.

சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்தில், தேக்காவை அடுத்து, 'கண்டாங் கெர்பாவ்' என்பது பழைய இடப்பெயர். மலாய் மொழியில் கெர்பாவ் என்பது எருமை. கண்டாங் என்பது கொட்டில். அவ்வட்டாரத்தில் மாடும் எருமையும் வளர்த்த காலத்தின் நினைவு, கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்னும் பெயர்களில் இன்றும் நிற்கிறது. அங்கிருந்த மருத்துவமனை 1924-ம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் முப்பது படுக்கைகளுடன் மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966-ம் ஆண்டில் அங்குப் பிறந்த குழந்தைகள் 39,835. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் இத்தனை பிறப்பு உலகில் வேறெங்கும் இல்லை என்று கின்னஸ் நூலில் அது இடம்பெற்றது. 1997-ம் ஆண்டில் மருத்துவமனை அருகிலேயே புதுக் கட்டடத்துக்கு மாறிற்று. பழைய கட்டடங்களில் தரைப் போக்குவரத்து ஆணையம் அமைந்தது.

அதே 1966-ம் ஆண்டில் சிங்கப்பூர் அரசு குடும்பத் திட்ட வாரியத்தை நிறுவியது. 1972-ம் ஆண்டில் 'இரண்டோடு நிறுத்துக' என்னும் இயக்கம் தொடங்கிற்று. பிறப்பைக் குறைப்பதே நாட்டின் நோக்கமாயிருந்த காலத்தில், பிறப்பே வாய்க்காதவரின் துயரை எண்ணியவர்களும் இருந்தனர். அவர்களுள் தலையாயவர் பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம். 1928-ம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பிறந்த சிற்றம்பலம் சண்முகரத்தினம் என்பவரே இவ்வாறு உலகோரால் அறியப்பட்டார். 1970 முதல் கால் நூற்றாண்டுக் காலம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவத் துறைக்கு அவர் தலைமை தாங்கினார்; 2001-ம் ஆண்டில் மறைந்தார். உலகச் சுகாதார நிறுவனம் 1972-ம் ஆண்டில் தொடங்கிய மனித இனப்பெருக்க ஆராய்ச்சித் திட்டத்தோடு அவருடைய துறை இணைந்து செயற்பட்டது.

அத்திட்டம் பல நாடுகளில் ஒரே ஆராய்ச்சியை நடத்தியது. ஆடவர்க்கான கருத்தடை முறைகளும் அதில் அடங்கும். பாங்காக்கில் எண்ணிய அணுவும் ஸ்டாக்ஹோமில் எண்ணிய அணுவும் ஒப்பிடத்தக்கனவாக இல்லையெனில் ஆராய்ச்சி வீண். ஆகவே எப்படிச் சேகரிப்பது, எத்தனை எண்ணுவது, எப்படிச் சாயமேற்றுவது, எதனை நல்ல வடிவம் என்பது ஆகியவற்றை வரையறுத்து, 1980-ம் ஆண்டில் ஒரு கைந்நூல் வெளியாயிற்று. மனித விந்தை ஆய்வுக்கூடத்தில் ஆராய்வதற்கான உலகச் சுகாதார நிறுவனக் கைந்நூலின் முதற் பதிப்பு அது. பெல்சி, எலியாசன், கயேகோஸ், மொகிஸி, பால்சன், பிரசாத் ஆகிய அறுவர் அதனைத் தொகுத்தனர். எலியாசன் ஸ்வீடன் நாட்டவர். 1971-ம் ஆண்டிலேயே இத்தகைய வரையறையை வற்புறுத்தியவர். பிரசாத் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த இந்திய அறிஞர். நூலை அச்சிட்டு வெளியிட்டது சிங்கப்பூரில் இருந்த 'பிரஸ் கன்சர்ன்' என்னும் பதிப்பகம். பின்னர் வந்த மூன்று பதிப்புகளும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தாலும், 2010, 2021 பதிப்புகள் உலகச் சுகாதார நிறுவனத்தாலும் வெளியிடப்பட்டன. ஆனால் முதல் நூலின் முகப்பில் அச்சான ஊர்ப்பெயர் சிங்கப்பூர் என்பதே.

நூல் வெளிவந்த மூன்றாம் ஆண்டில், 1983-ம் ஆண்டு மே 19-ம் நாள், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் இரத்தினம் குழுவினரின் முயற்சியால் சோதனைக்குழாய்க் குழந்தை ஒன்று பிறந்தது. ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அது போற்றப்பட்டது. கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய 1978-ம் ஆண்டிலேயே இத்தகைய குழந்தையைப் பிறக்கச் செய்தார் என்பதும், அவர் வாழ்ந்த நாளில் அது மறுக்கப்பட்டுப் பின்னரே ஏற்கப்பட்டது என்பதும் இங்கு நினைக்கத்தக்கன.

மேசைமேல் நடப்பது

விந்தணு மூன்று உறுப்புடையது: தலை, நடுத்துண்டு, வால். தலை மழமழப்பான முட்டை வடிவினதாய், நீளம் ஏறத்தாழ நான்கு மைக்ரானும் அகலம் மூன்று மைக்ரானுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கவேண்டும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலையின் முற்பகுதியில் தொப்பி போன்ற உறை உண்டு. முட்டையின் மேற்சுவரைக் கரைத்து நுழைவதற்கு வேண்டிய பொருள்கள் அதில் உள்ளன. தலைப்பரப்பில் நாற்பது முதல் எழுபது விழுக்காடு அவ்வுறை மூடியிருக்கவேண்டும். நடுத்துண்டு மெல்லியதாய்த் தலையோடு நேராகப் பொருந்தவேண்டும். வால் முறிவின்றி, ஏறத்தாழ நாற்பத்தைந்து மைக்ரான் நீளம் இருக்கவேண்டும்.

ஆய்வாளர் விந்தின் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் மெல்லப் பரப்பி, உலர்த்தி, பதப்படுத்தி, சாயமேற்றுகிறார். பின்னர் எண்ணெய் இட்டு, ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்ணோக்கியில் வைத்து, குறைந்தது இருநூறு அணுக்களை ஒவ்வொன்றாகத் தரம் பிரிக்கிறார். பிறகு மறுமுறையும் இருநூறு எண்ணி இரண்டையும் ஒப்பிடுகிறார். இரட்டைத் தலை, ஊசித் தலை, உருண்டைத் தலை, வளைந்த கழுத்து, சுருண்ட வால் எனக் குறைகள் பலவகை. ஐயத்துக்குரியது எதுவாயினும் அதனைக் குறையுடையதென்றே கொள்ளவேண்டும் என்பது இன்றைய விதி. இவ்விதியே எண்பதை நான்காக்கியது.

எண்பது நான்கான கதை

முதற் பதிப்பின் காலத்தில் விதி வேறு. வெளிப்படையான குறை காணப்பட்டாலன்றி அணுவை நல்லதென்றே எண்ணினர். எண்பது என்னும் அளவு அவ்வாறு வந்தது. 1987-ம் ஆண்டுப் பதிப்பில் அது ஐம்பதாயிற்று, 1992-ல் முப்பதாயிற்று. 1999-ம் ஆண்டுப் பதிப்பு திட்டமான எண் எதனையும் விதிக்காமல், பதினைந்துக்குக் கீழே சென்றால் சோதனைக்குழாயில் கருவுறுதல் குறைகிறது என்று மட்டும் குறித்தது.

இம்மாற்றத்தின் ஊற்று தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனை அடுத்த டைகர்பெர்க் மருத்துவமனை. அங்கே தினஸ் குரூகர், ரூலோஃப் மென்க்வெல்ட் என்னும் இருவரும் 'நல்ல வடிவம் எது என்று மனிதன் ஏன் தீர்மானிக்கவேண்டும்? இயற்கை எதனைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்ப்போம்' என்னும் நெறியில் சென்றனர். பெண்ணின் கருப்பைவாயில் உள்ள குழகுழப்பான நீர் ஒரு வடிகட்டி போன்றது. அதனைக் கடந்து மேலே சென்ற அணுக்களைப் பார்த்தபோது, அவை பெரும்பாலும் ஒரே சாயலாய் இருந்தன. அச்சாயலே அளவுகோலாயிற்று. அதனோடு ஒட்டாதவை யாவும் கழிக்கப்பட்டன. இக்கடுமையான முறைப்படி பதினான்குக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் சோதனைக்குழாய்க் கருவுறுதல் குறைகிறது என்று 1986-ம் ஆண்டிலும், நான்குக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் மிகவும் குறைகிறது என்று 1988-ம் ஆண்டிலும் வெளியிட்டனர்.

2010-ம் ஆண்டுப் பதிப்பு வேறொரு வழியில் நான்கு என்னும் எண்ணை அடைந்தது. 14 நாடுகளைச் சேர்ந்த 4,500-க்கு மேற்பட்ட ஆடவரின் ஆய்வுக் குறிப்புகள் திரட்டப்பட்டன. அவர்களுள் மனைவி பன்னிரண்டு திங்களுக்குள் கருவுற்ற ஆடவரை மட்டும் தனியே எடுத்து வரிசைப்படுத்தினர். வரிசையின் நடுவில் நின்ற தந்தையின் அளவு பதினைந்து. அடியிலிருந்து ஐந்தாம் விழுக்காட்டில் நின்றவரின் அளவு நான்கு. அந்த அடிக்கோடே குறிப்பெல்லையாயிற்று. 2021-ம் ஆண்டுப் பதிப்பிலும் அது மாறவில்லை.

இதன் பொருளை ஊன்றி நோக்கவேண்டும். நான்கு என்பது மலட்டுத்தன்மைக்கும் வளத்துக்கும் இடையே போட்ட வேலியன்று; தந்தையரின் வரிசையிலேயே போட்ட ஒரு கோடு. அக்கோட்டுக்குக் கீழே நூற்றுக்கு ஐவர் இருக்கின்றனர். அந்த ஐவரும் ஓராண்டுக்குள் மனைவி கருவுறப் பெற்றவர்களே.

சாயமின்றித் தேரும் அணு

வடிவக் குறை மிகுந்தவர்க்குச் சோதனைக்குழாயும் பயன்படாத நிலை உண்டு. அணு முட்டையின் சுவரைத் துளைக்க இயலாவிடில், பக்கத்தில் வைத்தும் பயனில்லை. இதற்கு வழிதேடியவர்களுள் சிங்கப்பூர்க் குழுவினர் முன்னணியில் நின்றனர். முட்டையின் வெளிச்சுவருக்கு அடியில் மிக நுண்ணிய ஊசியால் அணுக்களைச் செலுத்தி, கருவுறச் செய்ததை 1988-ம் ஆண்டில் 'லான்செட்' இதழில் அவர்கள் வெளியிட்டனர். இங் சூன் சாய், ஆரிஃப் பொங்சோ, இரத்தினம் ஆகியோர் அதனை எழுதியவர்களுள் சிலர். பொங்சோ இலங்கையில் பிறந்து, கால்நடை மருத்துவம் பயின்று, மனிதக் கருவியலுக்கு வந்தவர். காளையில் தொடங்கிய கலை மனிதனுக்கு வந்த பழைய வழி இங்கும் தெரிகிறது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1992-ம் ஆண்டில், பிரஸ்ஸல்ஸ் நகரக் குழுவினர் ஒரே ஓர் அணுவை முட்டையின் உள்ளேயே செலுத்திக் கருவுறச் செய்தனர். அம்முறை உலகெங்கும் பரவிற்று. அதனால் வடிவ ஆய்வின் பயனும் மாறிற்று. நூற்றுக்கு எத்தனை என்பதைவிட, எந்த ஓர் அணுவைத் தேர்வது என்பதே வினாவாயிற்று. இங்கே ஒரு முரண் உண்டு. சாயமேற்றி அளந்த அணு இறந்துபட்ட அணு. அதனைப் பயன்படுத்த இயலாது. பயன்படுத்தும் அணுவோ சாயமின்றி, உயிருடன் ஓடும்போதே கண்ணால் தேரப்படுவது. ஆய்வுக் குறிப்பு கூறுவது கூட்டத்தின் இயல்பையே. தேரப்படும் அணுவின் இயல்பை அன்று.

எண்ணின் எல்லை

வடிவ ஆய்வு பயனற்றதா என்றால், அன்று. எல்லா அணுக்களும் உறையின்றி உருண்டைத் தலையாய் இருப்பின், இயற்கையாகக் கருவுறுதல் ஏறத்தாழ இயலாது. அதனைக் கண்டறிவது வடிவ ஆய்வே. எல்லாம் பெருந்தலையாய்ப் பல வால்களுடன் இருப்பின், மரபுக் கோளாற்றை அது காட்டும். இத்தகைய அரிய நிலைகளில் வடிவம் தெளிவாகப் பேசுகிறது.

மூன்று, நான்கு, ஐந்து என்னும் இடைப்பட்ட எண்களில்தான் அதன் பேச்சுக் குழறுகிறது. 2001-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிள்ளையற்ற 765 தம்பதியரையும் பிள்ளைபெற்ற 696 தம்பதியரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியில், எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் ஆகிய மூன்றனுள் வடிவமே இரு கூட்டத்தையும் ஓரளவு நன்றாகப் பிரித்தது. ஆயினும் மூன்றனுள் எதுவும் தனித்து நின்று 'இவர் மலடர்' என்று தீர்ப்புரைக்க வல்லதன்று என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவு. மக்லியாட் அரை நூற்றாண்டுக்கு முன் கண்டதும் அதுவே.

கணக்கும் இதனையே உறுதிப்படுத்தும். ஒருவரிடம் உண்மையில் நூற்றுக்கு நான்கு நல்லணு உண்டு என்று கொள்வோம். அவற்றில் இருநூறை எடுத்தால் எட்டு நல்லணு கிடைக்கவேண்டும். ஆனால் வாய்ப்பின் ஏற்றத்தாழ்வால் ஒருமுறை நான்கும், மற்றொருமுறை பதின்மூன்றும் கிடைக்கலாம். குறிப்பில் அது இரண்டு என்றோ ஏறக்குறைய ஏழு என்றோ பதிவாகும். ஆள் ஒருவரே, குற்றம் ஆய்வாளருடையதும் அன்று. மேலும் ஒரு விந்தணு உருவாக எழுபத்து நான்கு நாள் அளவு செல்கிறது. இடையில் கடுங்காய்ச்சல் வந்திருந்தாலும் அதன் சுவடு பின்னர் வரும் ஆய்வில் தெரியும். ஒரே ஆய்வைக் கொண்டு முடிவு செய்யலாகாது, இடைவெளி விட்டு மறுமுறை பார்க்கவேண்டும் என்று மருத்துவர் கூறுவது இதனாலேயே.

காளையோடு ஒப்பிட்டால் மற்றோர் உண்மை புலப்படும். பொலிகாளைக்கு நூற்றுக்கு எழுபது அணுக்கள் நல்ல வடிவில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கக் கால்நடை மருத்துவர் விதி. மனிதனுக்கு நான்கு போதும். மனித விந்தணுக்கள் இயல்பாகவே பல சாயலின. அதன்மேல் மனிதனுக்கு வைத்த அளவுகோலும் மிகக் கடியது. அளவுகோலைக் கேளாமல் எண்ணை மட்டும் கேட்பவன் இரண்டையும் பிழைபட உணர்வான்.

உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் வாழும் தம்பதியாயினும், தேக்காவில் கடை வைத்திருக்கும் தம்பதியாயினும், பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவரை நாடும்போது இருவரும் ஒரே நேரத்தில் ஆய்வுக்கு உட்படுவதே முறை. ஆணுக்கு அது வலியற்ற, எளிய ஆய்வு. அதனைத் தட்டிக்கழித்துவிட்டு மனைவியை மட்டும் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு அலையவைப்பது அறமன்று. அவளது வயது ஏறுவதால் மருத்துவ நோக்கிலும் அது பிழை. அவ்வாறே குறிப்பில் உள்ள ஓர் எண்ணைக் கண்டு கணவன் தலைகவிழ்வதும் வேண்டாதது. அது நான்கு என்றால், எந்த முறைப்படி நான்கு, எத்தனை அணுக்களை எண்ணி நான்கு, எத்தனை முறை பார்த்து நான்கு என்று கேட்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு. நுண்ணோக்கி வந்ததன் பயன், பெண்மேல் இருந்த பழியை எடுத்து ஆண்மேல் வைப்பதன்று. 'மலடி' என்பதை ஒழித்து 'மலடன்' என்பதை வழக்குக்குக் கொணர்வதிலும் சிறப்பில்லை. இரண்டும் வழக்கொழிவதே நன்று.